பஞ்சநதம் அத்தானின் பம்பர்

முப்பத்தாறு வருடத்துக்கு முன் என் அக்கா மங்களாம்பிகையை வலங்கைமான் பக்கத்தில் ஒரு ஊருக்குக் கட்டிக்கொடுத்தோம். மாப்பிள்ளை பெயர் பஞ்சநதம். ஆறு ஏக்கர் நஞ்சை, ஒரு போர்செட், கெட்ட பழக்கம் எதுவும் கிடையாது என்று தரகர் சொன்னார். முதல் இரண்டும் உண்மை. மூன்றாவதிலும் அவர் வேண்டுமென்றே பொய் சொல்லவில்லை, பாவம், அவருக்குத் தெரிந்திருக்காது. என் அத்தானுக்குக் குடி கிடையாது, சீட்டு கிடையாது. ரிப்பேர் உண்டு.

வீட்டில் எது நின்றாலும் அவரே பிரிப்பார். வெளியாள் கை பட்டால் பொருள் கெட்டுவிடும் என்பது அவர் கொள்கை. அக்கா வீட்டு மிக்சியை ஓட்ட ஒரு கையால் மூடியையும் இன்னொரு கையால் அடியில் செருகியிருக்கும் தேங்காய் மட்டையையும் பிடித்துக்கொள்ள வேண்டும். குளியலறைக் குழாயை மூடக் கைப்பிடியைத் திருகிப் பயனில்லை, சுவரில் ஆணியடித்து மாட்டியிருக்கும் கம்பியை இழுக்க வேண்டும். விருந்தாளி வந்தால் அக்கா இதையெல்லாம் காட்டிக்கொடுத்த பிறகுதான் காபி போடுவாள். நான் ரெத்தினம், அவளுக்கு இளையவன், வலங்கைமானில் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். அத்தானின் திறமையால் எனக்கும் ஆதாயம் உண்டு. டிஞ்சரும் பஞ்சும் என் கடையில்தான் வாங்குவார்.

அவரிடம் ஒரு கார் இருக்கிறது. நீளமான வெள்ளைக் கார், தொண்ணூற்று நாலாம் வருட மாடல். அதைச் செய்த கம்பெனியே இப்போது இல்லை. இரண்டாயிரத்து நாலில் கும்பகோணத்தில் ஒரு பல் டாக்டரிடமிருந்து வாங்கினார். இன்றைக்கு அதைக் 'கிளாசிக்' என்கிறார்கள். அத்தானுக்கு அந்த வார்த்தை யாரோ சொல்லிக்கொடுத்ததிலிருந்து கேட்பவர் கேளாதவர் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிகிறார். உரக்கடையில்கூடச் சொல்லியிருக்கிறார்.

கிண்டலை ஒரு நிமிடம் நிறுத்துகிறேன். அந்தக் கார் ஒன்றுதான் அந்த மனிதர் தன் வாழ்க்கையில் தானாகத் தேர்ந்தெடுத்தது. படிப்பை எட்டாம் வகுப்போடு நிறுத்தியது அவர் அப்பா. பாகம் பிரித்தபோது எந்த ஆறு ஏக்கர் என்று கைகாட்டியது பெரியப்பா. என் அக்காவைப் பெண் பார்க்க வந்தது அவர் அம்மாவும் மாமாவும், மாப்பிள்ளை அன்று நாற்றங்காலில் நின்றார். குறுவையா சம்பாவா என்பதை மேட்டூரில் தண்ணீர் திறக்கும் தேதி சொல்கிறது. மாடி வீட்டைச் சிங்கப்பூரில் இருக்கும் மகன் செந்தில்குமார் கட்டினான், வரைபடமும் அங்கிருந்தே வந்தது. அந்த மாடிக்கு அத்தான் இதுவரை மூன்று தடவை ஏறியிருக்கிறார், மூன்றும் தண்ணீர்த் தொட்டியை ரிப்பேர் செய்ய. காரை மட்டும் யாரையும் கேட்காமல் போய், பார்த்து, பிடித்திருக்கிறது என்று சொல்லி, தானே ஓட்டிக்கொண்டு வந்தார். அன்றைக்கு அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தை அவர் கல்யாணத்தில்கூட நான் பார்க்கவில்லை.

சரி, பம்பருக்கு வருகிறேன். அந்தக் காரின் முன்னால் ஒரு இரும்புப் பட்டை, அதன் மேல் இந்த மூலையிலிருந்து அந்த மூலை வரைக்கும் ஒரே பிளாஸ்டிக் உறை. அந்த உறையின் இடது மூலை தொங்கும். முதலில் ஒரு விரற்கடை தொங்கியது. அத்தான் சரி செய்தார், இரண்டு விரற்கடை ஆனது. மறுபடி சரி செய்தார். இப்படியே அவர் விடாமல் பாடுபட்டதில் போன வருடம் அது ஒரு சாண் தொங்கியது. ஐந்து வருடத்துக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க வண்டியைக் காட்ட வேண்டும். அந்த ஒரு வாரம் மட்டும் ஏதோ கயிறு, ஏதோ கம்பி போட்டுப் பம்பரை மரியாதையாக நிமிர்த்திவிடுவார். கையெழுத்து வாங்கி வீடு வந்து சேருவதற்குள் அது தன் பழைய இடத்துக்கு வந்துவிடும்.

ஒரு சாண் தொங்கினால் என்ன ஆகும் என்பதைப் புரட்டாசி மாதத்தில் தெரிந்துகொண்டோம். குறுவை அறுவடை நேரம். எங்கள் பக்கம் தார்ச்சாலையில் பாதி நெல்லுக்கு, பாதி வண்டிக்கு. சாலையோரம் நெடுகக் காயப்போட்டு, எல்லைக்குக் கல் வைத்திருப்பார்கள். அத்தான் ஓட்டினார், நான் பக்கத்தில் இருந்தேன். எதிரே ஒரு பஸ் வந்தது. அத்தான் ஒதுங்கினார். சர்ரென்று ஒரு சத்தம். பத்தடி தள்ளி வண்டியை நிறுத்தினால் பின்னால் சாலையில் ஒரு நீளமான வெற்றிடம், நெல்லைக் காணோம்.

நெல்லுக்குச் சொந்தக்காரி கயல்விழி நெல் கிளறும் துடுப்பைக் கையில் பிடித்தபடி ஓடி வந்தாள்.

"மாமா, நீங்க ரோட்டுல வண்டி ஓட்ட வந்தீங்களா, நெல்லு அள்ள வந்தீங்களா?"

"பஸ்ஸு வந்துச்சும்மா. நான் எங்க போறது?"

"போறது இருக்கட்டும். அந்தப் பம்பருக்குள்ள ஒரு மரக்கா நெல்லு கெடக்கு. எறங்கிக் குடுத்துட்டுப் போங்க."

அவள் முறத்தைப் பிடிக்க, அத்தான் முழங்காலில் நின்று பம்பரைத் தட்டித் தட்டிக் கொட்டினார். முக்கால்வாசி வந்தது. மிச்சம் உள்ளே மறு மூலை வரைக்கும் உருண்டுபோய்க் கயிற்றிலும் கம்பியிலும் சிக்கிக்கொண்டது. "இதுக்குத்தான் கிளாசிக் காருன்னு பேரா?" என்று கேட்டுவிட்டுப் போனாள் கயல்விழி. எனக்கு அவளை முன்பே பிடிக்கும். அன்றிலிருந்து இன்னும் பிடிக்கும்.

அந்த வாரமே செந்தில்குமார் வீடியோவில் வந்தான். ஐப்பசியில் பதிவு முடிகிறது என்பதை அவன் அங்கிருந்தே கணக்கு வைத்திருந்தான்.

"அப்பா, இந்தத் தடவ பாஸ் ஆகலன்னா வண்டிய காயலாங்கடைக்குப் போட்டுடலாம். நான் புதுசு ஒண்ணு பாத்துட்டேன். கலர்கூட சொல்லிட்டேன்."

கலர்கூட சொல்லிவிட்டான். அத்தானுக்குச் சுருக்கென்று தைத்தது என்பது எனக்குத் தெரிந்தது. ஆனால் அவர் வாய் அவருக்கு எப்போதும் எதிரி.

"பாஸ் ஆவும். ஆவலன்னா நீ சொல்ல வேண்டாம், நானே ஓட்டிக்கிட்டுப் போயி எடைக்குப் போட்டுட்டு பஸ்ஸுல வர்றேன்," என்றார். அக்காவும் நானும் சாட்சி. பேச்சை முடித்துவிட்டு வெளியே போய்க் காரின் மேல் கை வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றார்.

அக்கா ஒரு வழி சொன்னாள். "கும்மோணம் ரோட்டுல ஷேக் பரீத்துன்னு ஒரு தம்பி இருக்கு. பம்பர் வேலதான் பாக்குதாம். ஒருநாள் குடுத்துட்டு வாங்களேன்."

"இருவது வருஷமா இந்த வண்டிய எனக்குத் தெரியும். அவனுக்கு என்ன தெரியும்?"

"அதான் ஒங்களுக்குத் தெரிஞ்சு இப்படித் தொங்குதே."

அத்தான் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

மூன்று நாள் காருக்கு அடியிலேயே கிடந்தார். கடைசியில் மாட்டுக் கொட்டகையிலிருந்து ஒரு சாக்கை எடுத்து வந்தார். குறுவைக்கு அடுத்த தாளடிக்கு விதைநெல் ஊறவைத்து முளைகட்டிய சாக்கு. அன்று காலையில்தான் விதையை நாற்றங்காலில் தெளித்திருந்தார், சாக்கு இன்னும் ஈரம் காயவில்லை. அதை இறுக்கச் சுருட்டி இரும்புப் பட்டைக்கும் பிளாஸ்டிக் உறைக்கும் நடுவில் திணித்து, மருந்தடிக்கும் தெளிப்பானின் தோள்வாரால் கட்டினார். பம்பர் நிமிர்ந்தது. கொத்தனாரின் ரசமட்டத்தை வாங்கி வந்து வைத்துப் பார்த்தார், குமிழி நட்டநடுவில் நின்றது. "இப்ப என்ன சொல்ற மாப்ள?" என்று என்னைக் கேட்டார். கண்ணுக்கு அது ஒழுங்காகத்தான் இருந்தது. எவன் கண்ணும் பட்டுவிடக்கூடாது என்று காரைப் படுதாவால் மூடிக் கட்டினார்.

அப்புறம் எட்டு நாள் மழை. ஈரச் சாக்கு, மூலைகளில் ஒட்டிக்கொண்ட விதை, மேலே படுதா, ஓரத்தில் கசியும் வெளிச்சம், உள்ளே இதமான சூடு. இதற்கு மேல் என்ன நடக்கும் என்று எங்கள் ஊரில் பால்வாடிப் பிள்ளையைக் கேட்டாலும் சொல்லும். வருடா வருடம் விதை முளைகட்டும் பஞ்சநதம் அத்தானுக்கு மட்டும் அது தோன்றவில்லை. ஏனென்றால் அவர் அப்போது விவசாயி இல்லை, மெக்கானிக்.

செவ்வாய்க்கிழமை காலை கிளம்பினோம். கொட்டுகிற மழையில் அத்தான் படுதாவைப் பின்பக்கமிருந்து உருவிப் போட்டுவிட்டு ஓடி வந்து ஏறினார். அக்கா பின் சீட்டில், நான் முன்னால். குடையைப் பிடித்துக்கொண்டு பாய்ந்து ஏறிய அவசரத்தில் காரின் முகத்தை யாரும் பார்க்கவில்லை. வழியில் எதிரே வந்த இரண்டு மூன்று பேர் கையைக் காட்டிச் சிரித்தார்கள். "பழைய வண்டின்னா ஒரு மதிப்புதான்," என்றார் அத்தான்.

ஆய்வு மைதானத்தில் மழை விட்டிருந்தது. வண்டிகள் வரிசையாக நின்றன. ஆய்வாளர் பெயர் இசைவாணி என்று சட்டைப் பெயர்ப்பட்டையில் இருந்தது, முப்பது வயதுக்குள்தான் இருக்கும். எங்கள் காருக்கு முன்னால் வந்து நின்றவர் அப்படியே நின்றுவிட்டார்.

"சார், இது என்ன?"

"பம்பர் மேடம்," என்றார் அத்தான், இறங்கிக்கொண்டே.

"அது தெரியுது. இது?"

நானும் இறங்கிப் போய்ப் பார்த்தேன். இடது விளக்குக்குக் கீழே உறையின் விளிம்பு நெடுக, நாலு விரல் உயரத்துக்கு, பச்சைப் பசேலென்று நாற்று. நெருக்கமாக, ஒரே சீராக, பார்க்கவே கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருந்தது. வலது மூலையில் தனியாக இன்னொரு கொத்து.

வேறு எந்த மனிதனாக இருந்தாலும் புல் என்று சொல்லித் தப்பித்திருப்பான். ஆனால் பயிரைக் காட்டி என்ன என்று கேட்டால் என் அத்தானுக்குப் பொய் சொல்ல வராது.

"ஆடுதொற நாப்பத்தாறு மேடம்," என்றார். "அந்த ஓரத்துல இருக்கறது என்னுது இல்ல. கயல்விழியோடது. அது என்ன ரகம்னு கேட்டுத்தான் சொல்லணும்."

வரிசையில் நின்ற ஸ்கூல் பஸ் டிரைவர்கள் சிரித்த சிரிப்பில் பக்கத்து டீக்கடையிலிருந்து ஆட்கள் வந்துவிட்டார்கள். அக்கா புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு பின் சீட்டிலேயே குனிந்து உட்கார்ந்துவிட்டாள். இசைவாணி மேடம் மட்டும் சிரிக்கவில்லை. சிரிக்காமல் இருக்க அவர் பட்ட பாடு நன்றாகத் தெரிந்தது.

"எங்க ஊரு கீழ்வேளூருங்க. எங்கப்பா இந்த வருஷம் நாத்து பத்தாம அலையறாரு. நீங்க கார்ல வச்சுக்கிட்டு சுத்துறீங்க," என்றபடி உறையின் மூலையை இரண்டு விரலால் பிடித்து லேசாக இழுத்தார். தோள்வார் அறுந்தது. உறை சாய்ந்தது. வேர்விட்ட சாக்கு பொத்தென்று அவர் ஷூ மேல் விழுந்தது.

காலை உதறிக்கொண்டு, மீதியை ஒழுங்காகச் சோதித்தார். பிரேக், விளக்கு, புகை எல்லாம் பார்த்தார். பிறகு அத்தானிடம் வந்தார்.

"மத்ததெல்லாம் நல்லா வச்சிருக்கீங்க. ஆனா இது ரோட்டுல கழண்டு விழுந்தா பின்னாடி பைக்ல வர்றவன் கதி என்னங்க? அடுத்த செவ்வாக்கெழம வரைக்கும் டைம் தர்றேன். சரி பண்ணிட்டு வாங்க. ஒண்ணு மட்டும், நீங்க பண்ணாதீங்க. தொழில் தெரிஞ்சவங்ககிட்ட குடுங்க."

அதே நேரம் பார்த்து போன் அடித்தது. செந்தில்குமார். "என்னப்பா, பாஸா?" என்று ஸ்பீக்கரில் கேட்டது. அத்தான் போனை அக்காவிடம் கொடுத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"சொன்ன சொல்லு சொன்னதுதான் மாப்ள. வா, நேரா காயலாங்கடைக்கே போயிடலாம்."

சொல்லிவிட்டு ஸ்டியரிங்கில் உட்கார்ந்தார். சாவியைத் துவாரம் வரைக்கும் கொண்டுபோய், நுழைக்காமல் எடுத்தார், மறுபடி கொண்டுபோனார். இருபது வருடம் கண்ணை மூடிக்கொண்டு நுழைத்த சாவி. அவர் மேல் எனக்கு எத்தனையோ எரிச்சல் உண்டு, ஆனால் இப்படி ஆக வேண்டும் என்று நான் நினைத்ததில்லை.

அக்கா போனை வாய்க்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள். முப்பத்தாறு வருடமாக இந்த வீட்டில் தாழ்ந்த குரலில் பேசியவள், அன்று மைதானத்துக்கே கேட்கிற மாதிரி பேசினாள்.

"டேய், அந்தப் பொண்ணு ஃபெயிலுன்னு எழுதல. ஒரு வாரம் டைம் குடுத்துருக்கு. நீ கலரு சொல்றத நிறுத்து. ஒங்கப்பா அவரா ஆசப்பட்டு வாங்குனது இது ஒண்ணுதான்டா. என்னயக்கூட வேற யாரோ பாத்துத்தான் கட்டி வச்சாங்க."

"சரிம்மா. ஆனா அப்பா கை வைக்கக் கூடாது," என்றான். இந்த ஒரு விஷயத்தில் சிங்கப்பூரும் கீழ்வேளூரும் ஒரே கருத்து.

உறையைக் கயிற்றால் கட்டி, மைதானத்திலிருந்து நேரே ஷேக் பரீத் ஒர்க்‌ஷாப்புக்குப் போனோம். பரீத்துக்கு நாற்பது வயதிருக்கும், ஒல்லியான ஆள். அத்தானை ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார வைத்தார். அத்தான் அதன் நுனியில் உட்கார்ந்தார், எப்போது வேண்டுமானாலும் எழுந்து ஓடுவதற்கு வசதியாக.

பரீத் உறையைக் கழற்றத் தொடங்கினார். கழற்றக் கழற்ற உள்ளேயிருந்து சாமான் வந்தபடியே இருந்தது. சைக்கிள் டியூப் துண்டு. நீளவாக்கில் பிளந்த பி.வி.சி. பைப். பந்தல் கயிறு. மூங்கில் பிளாச்சு இரண்டு. ஏதோ காதணி விழாவின் ஃபிளெக்ஸ், அதில் மொட்டைத் தலையோடு ஒரு குழந்தை சிரித்துக்கொண்டிருந்தது. எல்லாவற்றையும் தரையில் வரிசையாக வைத்தார். கடைசியாக ஊதா நிறத்தில் ஒரு முழ நீளத்துணி வந்தது.

"அது என் சேல!" என்றாள் அக்கா. "கொடியில காஞ்சத காத்து தூக்கிட்டுப் போயிடுச்சுன்னீங்களே!"

அத்தான் சாலையைப் பார்த்தார். சாலையில் ஒன்றுமில்லை.

பரீத் உள்ளே தலையை விட்டு டார்ச் அடித்துப் பார்த்தார். பிறகு எழுந்து, உறையைத் திருப்பிப் பார்த்தார். அப்புறம் மறுபடி உள்ளே பார்த்தார்.

"அண்ணே, இதுல எதுவுமே ஒடையல. ஓட்டை போட்ட எடத்துல பிளாஸ்டிக் கிழிஞ்சிருக்கு, அதுக்குக் கம்பி வல வச்சு சூடு போட்டு ஒட்டிடலாம். தொங்குனதுக்குக் காரணம் அது இல்ல. இந்தா, மட்காடுக்கு உள்பக்கம் ஒரு பிராக்கெட்டு இருக்கு பாருங்க. இதுல ரெண்டு போல்டு வரணும். இல்ல. அம்புட்டுத்தான். எவனோ ஒருத்தன் கழட்டிட்டு, மாட்டறப்ப ரெண்டு போல்ட மறந்துட்டான். அவன் கையில ஸ்பேனரக் குடுத்தவன ஒதைக்கணும்."

ஒர்க்‌ஷாப் தரையில் கிடந்த சாமான் வரிசையை அக்கா திரும்பிப் பார்த்தாள்.

எனக்கு நினைவு வந்தது. இரண்டாயிரத்து ஒன்பதில், முதல் தடவை பதிவைப் புதுப்பிக்கும் முன், பெயிண்ட் அடிக்க அத்தானே பம்பரைக் கழற்றினார். டார்ச் பிடித்தவன் நான். மாட்டி முடித்தபோது தரையில் இரண்டு போல்ட் மிச்சம் கிடந்தன. "கம்பெனிக்காரன் தேவையில்லாம ரெண்டு சேத்துப் போட்டிருக்கான் மாப்ள," என்றார். நானும் தலையாட்டினேன். ஆக, இந்தப் பதினைந்து வருட டியூப், கயிறு, மூங்கில், சேலை, சாக்கு, கயல்விழியின் நெல், மைதானத்துச் சிரிப்பு எல்லாமே அந்த முதல் ரிப்பேருக்குச் செய்த ரிப்பேர்.

இப்படி ஒரு சந்தர்ப்பத்துக்குத்தான் நான் பல வருடமாகக் காத்திருந்தேன். சொல்ல வேண்டியது நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. அத்தானைப் பார்த்தேன். அவர் தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான்தான் தம்பி," என்றாள் அக்கா.

பரீத் திரும்பினார்.

"ஒருதடவ உள்ள ஒரு எலி பூந்துடுச்சு. இவங்க வயலுக்குப் போயிருந்தாங்க. நான்தான் கழட்டி மாட்டினேன். எனக்கு என்ன தெரியும், மறந்துருப்பேன்."

அக்காவுக்கு ஸ்பேனருக்கும் கரண்டிக்கும் வித்தியாசம் தெரியும், அதற்கு மேல் தெரியாது. ஒரு பொய்யைக் கோர்வையாகச் சொல்லக்கூட வராதவள். எலி என்கிறாள். பரீத் அவள் முகத்தையும் அத்தான் முகத்தையும் பார்த்துவிட்டு, புரிந்துகொண்டு, மறுபடி வேலையில் குனிந்துகொண்டார்.

அத்தான் நாற்காலியிலிருந்து எழுந்தார்.

"அவ இல்ல தம்பி. அவளுக்கு ஒண்ணும் தெரியாது. நான்தான் கழட்டுனேன். நான்தான் மறந்தேன்." உள்ளங்கையை விரித்துக் காட்டினார். "மறக்கக்கூட இல்ல. கையில வச்சிருந்தேன். வேண்டாம்னு நெனச்சேன். தப்பு என்னுதுதான்."

அறுபத்து மூன்று வயது மனிதர், கிரீஸ் தரையில், கிழிந்த சேலைத் துண்டுக்குப் பக்கத்தில் நின்றார். நான் தயாராக வைத்திருந்த கிண்டல் அத்தனையும் எங்கே போனதோ தெரியவில்லை. பரீத் ஒரு டப்பாவைக் கொட்டி, அளவு பார்த்து இரண்டு போல்ட்டைப் பொறுக்கி, அத்தானிடம் ஸ்பேனரை நீட்டினார்.

"ஒதைக்கணும்னு சொன்னத மனசுல வச்சுக்காதீங்கண்ணே. வாங்க, இந்த ரெண்டையும் நீங்களே முறுக்குங்க. நான் பக்கத்துல இருக்கேன்."

மகன் போட்ட நிபந்தனையும் மேடம் சொன்ன எச்சரிக்கையும் அந்த இடத்திலேயே மீறப்பட்டன. அக்காவும் நானும் பார்க்காத மாதிரி இருந்துகொண்டோம். அடுத்த செவ்வாய்க்கிழமை இசைவாணி மேடம் பம்பரை இரண்டு கையாலும் பிடித்து ஆட்டிப் பார்த்தார், அசையவில்லை. ஐந்து வருடத்துக்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். செந்தில்குமார் புதுக்காரை வேண்டாம் என்று சொல்லிவிட்டதாகத் தகவல் வந்தது.

எலி எங்கிருந்து வந்தது என்று அக்காவை நான் பிறகு தனியாகக் கேட்டேன். அடுப்படியில் ஏதோ வேலையாக இருந்தாள், திரும்பிப் பார்க்காமலே சொன்னாள்.

"பாவம்னு தோணுச்சு, சொன்னேன். ஆனா அவரு எந்திரிச்சு தப்பு என்னுதுன்னு சொன்னாரு பாரு, அத ஒருதடவயாச்சும் கேட்டுடணும்னு முப்பத்தாறு வருஷமா இந்த வீட்டுல இருந்தேன்டா. அது போயும் போயும் ஒரு ஒர்க்‌ஷாப்புல வச்சுக் கெடச்சுது."